திரும்பப் பெறப்படாத மசோதா: மாநிலங்களவையில் திருநர் உரிமை, 2014 முதல் 2020 வரை

## எதைப் பற்றிய ஆய்வு

அமைச்சராக இல்லாத ஓர் உறுப்பினர் தாமாகக் கொண்டுவரும் மசோதாவைத் தனி உறுப்பினர் மசோதா என்கிறோம். இந்திய நாடாளுமன்றத்தில் அப்படி வந்து சட்டமானவை மொத்தமே 14. கடைசி மசோதா சட்டமானது 1970-இல். ஓர் அவையில் மட்டுமாவது தேறிய மசோதாக்களும் 1979-ஓடு நின்றுவிட்டன. அந்த ஆண்டு மக்களவை ஏற்றுக்கொண்ட அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத் திருத்த மசோதா, அவை கலைந்ததும் காலாவதியானது.

அதற்கு 36 ஆண்டுகள் கழித்து, 2015 ஏப்ரல் 24 அன்று, ‘திருநர் உரிமைகள் மசோதா, 2014’ மாநிலங்களவையில் ஒருமனதாக நிறைவேறியது. கொண்டுவந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த திமுக உறுப்பினர். நான்கரை ஆண்டுகளுக்குப் பிறகு அதே பொருளில் அரசு கொண்டுவந்த வேறொரு மசோதா அதே அவைக்கு வந்தபோது, அதைத் தேர்வுக் குழுவுக்கு (மசோதாவை விரிவாக ஆராயும் உறுப்பினர் குழு) அனுப்புங்கள் என்று கேட்டுத் தோற்றவரும் அவரேதான். இந்த இரண்டு நாட்களுக்கு இடையில் என்ன நடந்தது, எது கைநழுவியது, எது தங்கியது என்பதே இந்த ஆய்வு. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் அவைக்குறிப்பில் இருக்கின்றன. இங்கே பார்க்க வேண்டியது அவர்கள் எடுத்த முடிவுகளை என்பதால், எல்லோரையும் பதவியால் மட்டும் குறிப்பிடுகிறேன்.

## பின்னணி

2014 ஏப்ரல் 15 அன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அந்தந்த நபருக்கே உண்டு, அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்குவது சட்டவிரோதம் என்றது. திருநர்களைச் சமூக, கல்வி அடிப்படையில் பிற்படுத்தப்பட்டோராகக் கருதி இட ஒதுக்கீடு தர வேண்டும், அவர்களுக்கெனத் தனி எச்.ஐ.வி. கண்காணிப்பு மையங்கள் வேண்டும், மருத்துவமனைகளில் முறையான சிகிச்சை கிடைக்க வேண்டும் என்றெல்லாம் மத்திய, மாநில அரசுகளுக்கு உத்தரவிட்டது. சமூக நீதி அமைச்சகம் அமைத்திருந்த நிபுணர் குழுவின் பரிந்துரைகளை ஆறு மாதங்களுக்குள் ஆராய்ந்து செயல்படுத்தவும் சொன்னது.

ஆறு மாதங்கள் போயின. மத்திய அரசு தீர்ப்புக்கு விளக்கம் கேட்டு நீதிமன்றத்துக்கே திரும்பிப் போனது. சட்டம் எதுவும் வரவில்லை.

மருத்துவத் தரப்பின் நிலைமை அவசரமானது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2014–15 ஆய்வில், ஹிஜ்ரா மற்றும் திருநர்களிடையே எச்.ஐ.வி. பாதிப்பு 7.5 சதவீதம் என்று வந்தது. நாட்டின் வயது வந்தோர் அனைவரையும் எடுத்துக்கொண்டால் அப்போதைய மதிப்பீடு 0.26 சதவீதம். இந்த இடைவெளியைத் தனிமனித நடத்தையைக் காட்டி விளக்கிவிட முடியாது. வீட்டைவிட்டு விரட்டப்பட்டு, படிப்பு நின்று, வேலை கிடைக்காமல், பிச்சையோ பாலியல் தொழிலோதான் வழி என்று ஆன ஒருவர் மருத்துவமனைக்குப் போனால், ஆண்கள் வார்டா பெண்கள் வார்டா என்ற கேள்வியிலேயே அங்கு நிறுத்தி வைக்கப்படுகிறார். இதற்குப் பயந்தே பலர் நோய் முற்றும்வரை போவதில்லை. அதனால் இதை நலத்திட்டப் பிரச்சினை என்று ஒரு பக்கமும் சுகாதாரப் பிரச்சினை என்று இன்னொரு பக்கமும் பிரித்து வைக்க வழியில்லை. உறுப்பினரின் மசோதா இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது.

அவருக்கு முன்னுதாரணம் சொந்த மாநிலத்திலேயே இருந்தது. 2008-இல், அவருடைய கட்சி ஆட்சியில் இருந்தபோது, தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. அரசு மருத்துவமனைகளில் பாலின மாற்று அறுவை சிகிச்சை இலவசமாகச் செய்யவும் வழி பிறந்தது. குறைகள் நிறைய உண்டு, சரி. ஆனால் செய்ய முடியும் என்று காட்ட அது போதும்.

## மசோதாவில் இருந்தவை

2014 டிசம்பர் 12 அன்று மசோதா அறிமுகமானது. 10 அத்தியாயங்கள், 58 பிரிவுகள். தனி உறுப்பினர் மசோதாக்களில் பெரும்பாலானவை இரண்டு மூன்று பக்கங்களில் முடிந்துவிடும். கவனத்தை ஈர்க்கக் கொண்டுவரப்படுபவை அவை. இது அப்படி எழுதப்பட்டதில்லை. நாளைக்கே நிறைவேறினாலும் நடைமுறைப்படுத்தலாம் என்ற எண்ணத்தோடு எழுதப்பட்டது.

அறுவை சிகிச்சையோ ஹார்மோன் சிகிச்சையோ எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், ஆண், பெண், திருநர் ஆகியவற்றில் எதையும் ஒருவர் தாமே தேர்ந்துகொள்ளலாம் என்பது அதன் அடித்தளம். அதன்மேல் மற்றவை கட்டப்பட்டிருந்தன. கல்வியிலும் அரசு வேலையிலும் 2 சதவீத இட ஒதுக்கீடு, தேசிய ஆணையமும் மாநில ஆணையங்களும், திருநர் உரிமைகளுக்கெனச் சிறப்பு நீதிமன்றங்கள், தனி வேலைவாய்ப்பு ஏற்பாடு. சுகாதாரப் பிரிவில் தனி எச்.ஐ.வி. மையங்கள், இலவசப் பாலின மாற்று அறுவை சிகிச்சை, மருத்துவமனைகளில் தடையற்ற அணுகல், காப்பீடு ஆகியவை இருந்தன.

இந்த வரிசையில் கவனிக்க வேண்டியது ஒன்று. சுகாதாரப் பிரிவு முழுக்க அந்த முதல் பிரிவின் மேல்தான் நிற்கிறது. ‘நான் யார்’ என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே மருத்துவமனையில் ஒருவருக்கு என்ன கிடைக்கும் என்பதும் முடிவாகும். பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இது உதவும்.

## 2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை

தனி உறுப்பினர் அலுவல்களுக்கு ஒதுக்கப்பட்டது வெள்ளிக்கிழமை பிற்பகல், இரண்டரை மணி நேரம். பல உறுப்பினர்கள் அதற்குள் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். மசோதா பேசப்படும், துறை அமைச்சர் பதில் சொல்வார், அரசே இதைக் கவனிக்கும் என்று உறுதி தருவார், உறுப்பினர் நன்றி சொல்லித் திரும்பப் பெறுவார். இதுதான் வழக்கம்.

அன்றும் அதேபோலத்தான் நகர்ந்தது. கட்சி வேறுபாடின்றி ஆதரவுக் குரல்கள் வந்தன. சமூக நீதி அமைச்சர் எழுந்து, அரசே ஒரு சட்டம் கொண்டுவரும், மசோதாவைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

உறுப்பினர் மறுத்தார். வாக்கெடுப்பு வேண்டும் என்றார்.

இந்த முடிவைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். திரும்பப் பெற்றிருந்தால் அமைச்சரின் வாக்குறுதி ஒன்று அவைக்குறிப்பில் ஏறியிருக்கும். நிறைவேற்றாவிட்டாலும் சட்டப்படி கட்டாயப்படுத்த முடியாத வாக்குறுதி. நீதிமன்றம் வைத்த ஆறு மாதக் கெடுவே ஏற்கெனவே கடந்துபோயிருந்தது. மறுபக்கம், மறுத்து வாக்கெடுப்பில் தோற்றிருந்தால், ‘மாநிலங்களவை நிராகரித்த மசோதா’ என்ற பெயர் அந்தச் சமூகத்தின் கோரிக்கைமேல் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டிலும் ஆபத்து உண்டு.

ஆனால் அவை எண்ணிக்கை அவர் பக்கம் இருந்தது. ஆளும் கூட்டணிக்கு அப்போது மாநிலங்களவையில் பெரும்பான்மை கிடையாது. டிவிஷன் கேட்டு, ஒவ்வொருவரின் வாக்கும் பெயரோடு பதிவாகும் நிலை வந்தால், திருநர் உரிமைக்கு எதிராகத் தங்கள் பெயர் விழுவதை ஆளும் தரப்பும் விரும்பாது. அவையின் துணைத் தலைவர் தலைமை வகித்துக்கொண்டிருந்தார். அவை முன்னவராக இருந்த நிதியமைச்சர் குறுக்கிட்டு, இப்படிப்பட்ட விஷயத்தில் அவை பிரிந்து நிற்பதாகத் தெரியக் கூடாது, ஒருமனதாக நிறைவேற்றலாம் என்ற பொருளில் பேசினார். குரல் வாக்கெடுப்பில் மசோதா தேறியது. மேசைகள் தட்டப்பட்டன.

அவர் எடுத்தது சரியான முடிவு என்பதே என் கருத்து. அன்று திரும்பப் பெற்றிருந்தால், பின்னர் வந்த அரசு மசோதாவின் பக்கத்தில் வைத்து ஒப்பிட ஓர் அவையின் ஒப்புதல் பெற்ற பிரதி எதுவுமே இருந்திருக்காது. 2016-க்குப் பிறகு திருநர் அமைப்புகள் ஒவ்வொரு முறை ஆட்சேபம் எழுப்பியபோதும், மாநிலங்களவை ஏற்ற மசோதாவில் இப்படி இல்லையே என்று சொல்ல முடிந்தது.

## மக்களவையில் நின்றுபோன கட்டம்

ஓர் அவையில் தேறிய தனி உறுப்பினர் மசோதா மறு அவைக்குப் போனால், அங்கே அதை எடுத்து நடத்த அந்த அவையின் உறுப்பினர் ஒருவர் முன்வர வேண்டும். 2016-இல் ஒடிசாவின் மாநிலக் கட்சி உறுப்பினர் ஒருவர் அந்தப் பொறுப்பை எடுத்தார். மக்களவையில் ஆளும் கட்சிக்குத் தனிப்பெரும்பான்மை இருந்தது. அங்கே வெள்ளிக்கிழமைக் கணக்கு வேறு. மசோதா அங்கு நிறைவேறவில்லை.

இதற்குள் அரசு தன் வரைவைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. மாநிலங்களவை வாக்கு இல்லாவிட்டால் இந்த வேகம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். 2015 டிசம்பரில் அமைச்சகம் ஒரு வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தது. அது பல இடங்களில் உறுப்பினரின் மசோதாவை ஒட்டியிருந்தது. அப்புறம் அமைச்சரவை ஒப்புதலுக்குப் போய், 2016 ஆகஸ்ட் 2 அன்று மக்களவையில் அறிமுகமானபோது அது வேறு மசோதாவாக மாறியிருந்தது.

## அரசு மசோதா

புதிய வரையறை, திருநர் என்பவர் முழு ஆணும் அல்லாத, முழுப் பெண்ணும் அல்லாத ஒருவர் என்ற ரீதியில் எழுதப்பட்டிருந்தது. தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையின் இடத்தில் மாவட்டப் பரிசோதனைக் குழு வந்தது. தலைமை மருத்துவ அலுவலர், மாவட்டச் சமூக நல அலுவலர், உளவியலாளர் அல்லது மனநல மருத்துவர், திருநர் பிரதிநிதி ஒருவர், அரசு அலுவலர் ஒருவர் என ஐந்து பேர் கூடி ஒருவர் யார் என்று முடிவு செய்வார்கள். இட ஒதுக்கீடு இல்லை. ஆணையங்கள் இல்லை. சிறப்பு நீதிமன்றங்கள் இல்லை. ஒருவரைப் பிச்சையெடுக்கத் தூண்டுவது குற்றமாக்கப்பட்டது. வேறு பிழைப்புக்கு வழி செய்யாமல் இதை மட்டும் எழுதினால், கடைசியில் போலீஸ் கை வைப்பது அந்தச் சமூகத்தின் மேல்தான் என்று அவர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. வீட்டைவிட்டு வெளியேறிய இளைய திருநர்களுக்கு அடைக்கலம் தரும், ஜமாத் எனப்படும் திருநர்களின் சொந்தக் கூட்டு வாழ்க்கை அமைப்பை மசோதா குடும்பமாகவே பார்க்கவில்லை.

நாடாளுமன்ற நிலைக்குழு 2017 ஜூலையில் தந்த அறிக்கையில் வரையறையைக் குறை கூறியது, இட ஒதுக்கீட்டையும் பரிந்துரைத்தது. 2018 டிசம்பர் 17 அன்று மக்களவை 27 திருத்தங்களோடு மசோதாவை நிறைவேற்றியது. வரையறை மாறியது, ஆனால் இட ஒதுக்கீடு உள்ளிட்ட குழுவின் மற்ற முக்கியப் பரிந்துரைகள் அந்தத் திருத்தங்களில் இடம்பெறவில்லை. நாட்டின் பல நகரங்களில் திருநர்கள் தெருவில் இறங்கினார்கள். மாநிலங்களவையில் அது நிறைவேறும் முன்பே, 2019 மே மாதம் 16-வது மக்களவை கலைந்தது. உறுப்பினரின் மசோதா, அரசின் மசோதா இரண்டுமே சட்டமாகாமல் போயின.

## 2019: இரண்டாவது முடிவு

தேர்தலுக்குப் பிறகு, ஜூலை 19 அன்று அரசு மறுபடி மசோதா கொண்டுவந்தது. போராட்டங்களுக்குப் பலன் இருந்தது. பரிசோதனைக் குழு போயிருந்தது, பிச்சை பற்றிய பிரிவும் போயிருந்தது. குழுவுக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் சான்றிதழ் வந்தது. ஆனால் ‘ஆண்’ என்றோ ‘பெண்’ என்றோ சான்றிதழை மாற்ற வேண்டுமானால் அறுவை சிகிச்சைக்கான மருத்துவச் சான்று தேவை. உச்ச நீதிமன்றம் எதைக் கூடாது என்றதோ அதுவே இன்னொரு வாசல் வழியாக உள்ளே வந்தது. பாலியல் வன்முறைக்கான தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை என்று நின்றது. அதே காலத்தில் ஒரு பெண்ணை வல்லுறவு செய்தால் குறைந்தபட்சம் பத்து ஆண்டு சிறை.

மக்களவை இதை நிறைவேற்றிய நாள் 2019 ஆகஸ்ட் 5. காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து குறித்து நாடே பேசிக்கொண்டிருந்த அன்று, இதைக் கவனித்தவர்கள் குறைவு.

நவம்பரில் மாநிலங்களவைக்கு வந்தபோது உறுப்பினரின் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. எதிர்த்து வாக்களிப்பது, பிரிவு பிரிவாகத் திருத்தம் கேட்பது, தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோருவது. ஒரே அடியாக எதிர்த்தால் திருநர் சட்டத்தையே எதிர்த்தவர் என்று ஆகிவிடும். திருத்தங்கள் ஒவ்வொன்றாக விழும். தேர்வுக் குழு என்றால், சமூகத்தினரே வந்து சாட்சியம் சொல்ல வாய்ப்பு. குறைந்தபட்சம் கால அவகாசம். அவர் குழுவைக் கேட்டார். நவம்பர் 26 அன்று வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 55, எதிர்ப்பு 74. அரசியலமைப்பு ஏற்கப்பட்டதன் 70-வது ஆண்டு தினமான அன்றே மசோதா நிறைவேறியது. டிசம்பர் 5-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார், 2020 ஜனவரி 10 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

2015-இல் அவருக்குச் சாதகமாக இருந்த அவைக் கணக்கு இப்போது இல்லை. அவரது மசோதாவுக்கு ஒருமனதாக ஒப்புதல் தந்த அதே அவை, அவரது நியாயமான நடைமுறைக் கோரிக்கையை ஏற்கவில்லை.

## மிஞ்சியவை

சட்டத்தின் 15-வது பிரிவை உறுப்பினரின் மசோதாவோடு வைத்துப் படித்தால் பல இடங்களில் ஒத்துப்போகிறது. தனி எச்.ஐ.வி. கண்காணிப்பு மையங்கள் உண்டு. அறுவை சிகிச்சை, ஹார்மோன் சிகிச்சை, முன்னும் பின்னும் ஆலோசனை உண்டு. மருத்துவப் பாடத்திட்டத்தைத் திருத்த வேண்டும், மருத்துவமனை அணுகலை எளிதாக்க வேண்டும், காப்பீடு தர வேண்டும் என்கிறது. ‘இலவசம்’ என்ற உறுதி மட்டும் காணோம். ஆணையங்களின் இடத்தில் ஆலோசனை சொல்லும் தேசிய கவுன்சில் 2020 ஆகஸ்டில் அமைந்தது.

ஏன் சுகாதாரப் பிரிவு மட்டும் இவ்வளவு பிழைத்தது? நான் புரிந்துகொண்ட வரை, அது யாரிடமிருந்தும் எதையும் பிடுங்குவதாகத் தெரியவில்லை. இட ஒதுக்கீடு என்றால் பங்கு கேட்பது. ஆணையம் என்றால் அரசைக் கேள்வி கேட்கும் அதிகாரம். சிறப்பு நீதிமன்றம் என்றால் காவல்துறையும் நிர்வாகமும் பதில் சொல்ல வேண்டிய இடம். மருத்துவ உதவிக்கு எதிராக அவையில் யாரும் பேசப் போவதில்லை.

ஆனால் அடித்தளம் மாறிவிட்டது. 2022-இல் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் திருநர்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான காப்பீட்டை அறிவித்தது. பாலின மாற்று அறுவை சிகிச்சையும் அதில் அடக்கம். இது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் அதைப் பெற தேசிய இணையதளம் வழியாக ஆட்சியர் தரும் அடையாளச் சான்றிதழ் வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் வெளியூரில் வாழ்பவர், முகவரிச் சான்று இல்லாதவர், தன்னைப் பெண் என்று மட்டுமே சொல்ல விரும்பி திருநர் என்ற சான்றிதழை வேண்டாம் என்பவர், இவர்களெல்லாம் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. எச்.ஐ.வி. ஆபத்து அதிகம் இருக்கக்கூடியதும் இப்படி வெளியே நிற்பவர்களிடம்தான்.

விதிகளில் கொஞ்சம் சரிசெய்யப்பட்டது. 2020 ஏப்ரலில் வந்த முதல் வரைவு விதிகள் உளவியலாளர் அறிக்கையைக் கேட்டன. ஊரடங்குக்கு நடுவிலும் திருநர் குழுக்கள் எழுதி அனுப்பிய ஆட்சேபங்களுக்குப் பிறகு, செப்டம்பரில் வெளியான இறுதி விதிகளில் அது நீக்கப்பட்டது. முதல் சான்றிதழுக்கு மருத்துவப் பரிசோதனை கூடாது என்று தெளிவாக எழுதப்பட்டது. ‘மருத்துவத் தலையீடு’ என்பதில் ஆலோசனையும் ஹார்மோன் சிகிச்சையும் அடங்கும் என்று விரிக்கப்பட்டதால், ஆண், பெண் என்று மாற்றுவதற்கான வாசலும் சற்று அகன்றது. அவை தராத இடத்தை விதி எழுதும் மேசையில் அவர்கள் ஓரளவு பிடித்துக்கொண்டார்கள். சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்திலும் வழக்குகள் தொடரப்பட்டன.

## வேறு எப்படிச் செய்யலாம்

இதே வழியில் ஒரு சுகாதார, சமூக நல மசோதாவைக் கொண்டுவர நினைக்கும் உறுப்பினருக்கும், அவரோடு வேலை செய்யும் அமைப்புகளுக்கும் இந்த நிகழ்விலிருந்து சில விஷயங்கள் தென்படுகின்றன.

முதலில், மறு அவை. மாநிலங்களவையில் வாக்கெடுப்பு வரும் முன்பே மக்களவையில் யார் எடுத்து நடத்துவார் என்று பேசி வைத்திருக்க வேண்டும், அதுவும் ஆளும் கட்சியிலிருந்தே ஒருவர் கிடைத்தால் நல்லது. செலவு உள்ள மசோதா என்றால் அரசியலமைப்பின் 117(3) பிரிவின்படி குடியரசுத் தலைவரின் பரிந்துரை அந்தந்த அவைக்கு வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

அடுத்தது, 58 பிரிவுகள் ஒரே மசோதாவில் இருக்க வேண்டுமா என்பது. எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது உண்மை. ஆனால் பெரிய மசோதா ஒன்று கையில் கிடைத்தால் அரசு தனக்கு வசதியான பிரிவுகளை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். அடையாள உரிமையை மட்டும் தனியாக, நீதிமன்றத் தீர்ப்பின் சொற்களிலேயே, ஒரு சிறு மசோதாவாகக் கொண்டுவந்திருந்தால் அதை மாற்றி எழுதுவது அரசுக்குக் கடினமாக இருந்திருக்கும். மற்ற பிரிவுகளைப் பிறகு அதன்மேல் ஏற்றலாம். இந்தக் கருத்தோடு எல்லோரும் ஒத்துப்போக மாட்டார்கள். சிறு மசோதா என்றால் இட ஒதுக்கீடு அவையின் பதிவிலேயே ஏறியிருக்காது என்ற வாதத்தில் வலு இருக்கிறது.

மூன்றாவதாக, நேரம். 2015 ஏப்ரலுக்கும் 2016 ஆகஸ்டுக்கும் இடையில்தான் அரசு வரைவு உருமாறியது. 2015 டிசம்பர் வரைவு பொதுவெளியில் இருந்தபோது, உறுப்பினரும் அமைப்புகளும் பெற வேண்டியிருந்தது ஓர் உறுதி: அந்த வரைவிலிருந்து அடையாளம் பற்றிய பிரிவை எடுத்தால் அதற்கான காரணத்தை அவையில் எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது. கேள்வி நேரத்திலோ சிறப்புக் குறிப்பிலோ அதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கலாம். அறிமுகமான பிறகு எழும் எதிர்ப்பு எவ்வளவு வலுவாக இருந்தாலும், அமைச்சரவை ஒப்புதல் பெற்ற மசோதாவின் அடிப்படையை மாற்றுவது எவ்வளவு சிரமம் என்பதை 2017 நிலைக்குழு அறிக்கைக்கு நேர்ந்த கதியிலேயே பார்த்தோம்.

விதி எழுதும் கட்டத்துக்கும் ஆள் ஒதுக்கி வைக்க வேண்டும். சட்டம் நிறைவேறியதும் பலரும் களைத்து விலகிவிடுகிறார்கள். 2020-இல் வரைவைப் பிரிவு பிரிவாகப் படித்து, குறித்த தேதிக்குள் எழுதி அனுப்பியவர்கள் இருந்ததால்தான் உளவியலாளர் அறிக்கை நீங்கியது. காப்பீட்டுக்கான சான்றிதழ் நிபந்தனையையும் இதே வழியில், அமைச்சக ஆணை ஒன்றின் மூலம், தளர்த்தக் கேட்கலாம். எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் ஏற்கெனவே பதிவு பெற்றவருக்கு அந்தப் பதிவே போதும் என்று வைத்தாலே, மிக அவசரத் தேவை உள்ளவர்கள் முதலில் உள்ளே வந்துவிடுவார்கள்.